பொகோட்டா, டோஹா, மூதூர்

1950ஆம் ஆண்டு மே மாதம் நீல் ஃபிராங்க்ளின் விமானம் ஏறினார். ஸ்டோக் சிட்டி கழகத்தின் நடுப் பின்கள வீரர். போருக்குப் பிந்திய இங்கிலாந்து அணியில் ஒரு போட்டியையும் தவறவிடாமல் தொடர்ந்து 27 போட்டிகள் ஆடியவர். அடுத்த மாதம் பிரேசிலில் உலகக் கிண்ணம் தொடங்க இருந்தது. இங்கிலாந்து முதன்முறையாகக் கலந்துகொள்ளும் உலகக் கிண்ணம். மனைவிக்குப் பிள்ளைப்பேறு நெருங்குகிறது, வர முடியாது என்று இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்துக்கு அறிவித்துவிட்டு, கழகத் தோழர் ஜோர்ஜ் மவுண்ட்ஃபோர்டுடன் அவர் போய் இறங்கிய இடம் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. அங்குள்ள சாந்தா ஃபே கழகம் அவரை விலை பேசி அழைத்திருந்தது.

ஜூன் 29ஆம் திகதி பெலோ ஒரிசோன்ட்டே மைதானத்தில் இங்கிலாந்து, உதைபந்தாட்டத்தில் பெயரே இல்லாத அமெரிக்காவிடம் 1–0 என்று தோற்றது. ஃபிராங்க்ளின் இருந்திருந்தால் என்ற பேச்சு அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. ஓடிப்போனவர், பேராசைக்காரர் என்று பத்திரிகைகள் எழுதின. ஃபிராங்க்ளின் போன சில வாரங்களில் மன்செஸ்டர் யுனைட்டட்டின் சார்லி மிட்டனும் அதே பாதையில் போனார். 1948இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற அணியின் இடதுபுற வீரர் அவர். கழகத்தோடு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது பொகோட்டாவிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு 'பொகோட்டாக் கொள்ளையர்' என்ற பட்டமே விழுந்தது.

அந்த ஆண்டு எங்கள் திருகோணமலைத் துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றபோதும், 'ஹைஃப்ளையர்' என்ற பெயரில் இங்கே இயங்கிய கடற்படைத் தளம் 1957இல்தான் கைமாறியது. உதைபந்தாட்டம் எங்கள் கரைக்கு வந்ததில் அந்தக் கப்பற்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஃபிராங்க்ளினின் கதையை அவர்கள் ஊர்த் துரோகத்தின் கதையாகவே வாசித்திருப்பார்கள். ஆனால் அவர் எதைவிட்டு ஓடினார் என்று பார்த்தால் கதை வேறாகிறது.

அன்றைய இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரரானாலும் வாரத்துக்கு 12 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்க விதி இல்லை. கோடை விடுமுறையில் அதுவும் குறையும். சனிக்கிழமை தோறும் பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தாலும் அந்தப் பணம் கழக உரிமையாளரின் பெட்டியிலேயே தங்கும். மிட்டனுக்கு பொகோட்டாவில் கையெழுத்துக்கு 5,000 பவுண், ஆண்டுக்கு 5,000 பவுண் பேசப்பட்டதாகச் சொல்வார்கள். 12 பவுணை 52 வாரத்தால் பெருக்கினாலும் 624 பவுண்தான் வரும்.

சம்பளத்தைவிடக் கொடியது இன்னொரு விதி. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கழகம் அவருடைய பதிவைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளலாம். சம்பளம் கொடுக்காமலும் வைத்திருக்கலாம். கழகம் 'போ' என்று சொல்லாதவரை வேறெந்தக் கழகத்துக்கும் அவர் ஆட முடியாது.

எங்கள் மாவட்டத்தின் கிண்ணியாவிலோ மூதூரிலோ இதை வாசிப்பவருக்கு இந்த விதி புதிதாக இருக்காது. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவுக்குப் போய்வந்த ஊர்கள் இவை. பல ஆண்டுகளாக அங்கே, கபீல் என்ற பொறுப்பு முதலாளி கையெழுத்து வைத்தால்தான் வேலை மாற முடிந்தது, கபீல் மனம் வைத்தால்தான் நாட்டைவிட்டு வெளியேறும் எக்ஸிட் அனுமதி கிடைத்தது, இக்காமா என்ற வதிவிட அட்டை அவர் கையில், கடவுச்சீட்டும் பெரும்பாலும் அவர் அலுமாரியில் இருந்தது. உலகுக்கு உதைபந்தாட்டத்தைக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்தில், 1960களின் தொடக்கம்வரை, விளையாட்டு வீரர்களுக்கு நடந்ததும் இதற்கு மிக நெருங்கிய ஒன்றுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பணக்காரப் புதிய லீக்குகளின் வரலாறு சரியாகப் பிடிபடும். புதுப் பணம் அழைத்தது என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான். பழைய வீடு அந்த ஆளை எப்படி வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கொலம்பியாவிடம் பணம் எப்படி வந்தது? 1948 ஏப்ரலில் மக்கள் தலைவர் கைத்தான் பொகோட்டாத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் எரிந்தது. அதே ஆண்டு தொழில்முறை லீக் தொடங்கியது. கலவரத்தில் சோர்ந்த மக்களை மைதானத்துக்கு இழுக்க அரசும் விரும்பியது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அங்கீகாரம் லீக்குக்கு இல்லாமற் போனதால், வீரர்களை எடுக்கும்போது அவர்களின் பழைய கழகங்களுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியிருக்கவில்லை. முழுப் பணத்தையும் வீரரின் கையிலேயே வைத்தார்கள். அதே வேளையில் ஆர்ஜென்டீனாவில் வீரர்கள் சம்பளத்துக்காகவும் உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்து களைத்திருந்தார்கள். அங்கிருந்து பெதர்னேரா வந்தார். பின்னால் ரோசியும் இளைஞர் அல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவும் வந்தார்கள். அவர்கள் சேர்ந்த பொகோட்டாவின் மில்யோனாரியோஸ் கழகம் 1949க்கும் 1953க்கும் இடையில் நான்கு முறை சம்பியனானது.

ஐந்தே ஆண்டுதான் அந்தப் பொற்காலம். 1951இல் லீமாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள்: வந்த வீரர்கள் 1954 வரை ஆடலாம், பிறகு பழைய கழகங்களுக்குத் திரும்ப வேண்டும். டி ஸ்டெஃபானோ 1953இலேயே ரியல் மட்ரிட்டுக்குப் போய் ஐரோப்பாவையே ஆண்டார்.

ஃபிராங்க்ளினுக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. ஊரடங்கும் அந்நிய வாழ்க்கையும் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. சில போட்டிகளோடு திரும்பினார். தடை விதித்தார்கள். பின்னர் ஹல் சிட்டிக்கு விற்றார்கள். இங்கிலாந்துச் சட்டையை அவர் மறுபடி அணியவே இல்லை. ஓராண்டு ஆடிவிட்டு வந்த மிட்டனுக்கு ஆறு மாதத் தடை, 250 பவுண் தண்டம், ஃபுல்ஹாமுக்கு விற்பனை. தாங்கள் கேட்ட கூலி நியாயமா என்று அவர்களிடம் யாரும் பேசவில்லை.

பேச வைத்தவர்கள் அடுத்த தலைமுறையினர். ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பிறகே, 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு நீங்கியது. நியூகாசில் கழகம் விட மறுத்த ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் விளையாட்டையே நிறுத்திவிட்டுத் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். அவர் தொடுத்த வழக்கில் 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்துவைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். 1995 டிசெம்பரில் பொஸ்மன் என்ற வீரரின் வழக்கில் தீர்ப்பு வந்தபோதுதான், ஐரோப்பாவில் புதிய கழகம் ஒரு சதமும் கட்டாமலே ஒப்பந்தம் முடிந்தவர் அதற்குப் போகலாம் என்றானது.

இடையில் வந்த லீக்குகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1975இல் நியூயோர்க் கொஸ்மொஸ் பெலேயை அழைத்தது, 1977இல் பெக்கன்பவரை. அந்தக் கழகம் ஆடிய வட அமெரிக்க லீக் 1984 பருவத்தோடு மூடிக்கொண்டது. ஜப்பான் 1993இல் ஸீக்கோவையும் லினேக்கரையும் கொண்டு தொடங்கி இன்றும் நிற்கிறது. கழகங்களை ஊர்களோடும் இளையோர் அணிகளோடும் கட்டினார்கள் என்பதே எனக்குத் தெரியும் காரணம். சீனாவில் ஜியாங்சு கழகம் 2020 நவம்பரில் சம்பியனாகி, 2021 பெப்ரவரியில் கடையைச் சாத்தியது.

வளைகுடாவுக்கு வருவோம். 2003இல் கட்டார் கழகங்கள் பட்டிஸ்டூட்டா, ஹியெரோ, கார்டியோலா போன்றோரை அழைத்தன. ஐரோப்பாவில் ஆடி முடித்த பெரியவர்கள் அவர்கள். மரியாதையோடு வந்து, மரியாதையோடு போனார்கள். அதே டோஹாவுக்கு 2007இல் சாஹிர் பெலூனிஸ் என்ற பிரெஞ்சு–அல்ஜீரிய வீரரும் வந்தார். பெரிய பெயர் இல்லாதவர். இராணுவத்தின் அல் ஜைஷ் கழகத்துக்குத் தலைவராகி அதை முதற்பிரிவுக்கு உயர்த்தினார். பிறகு அவரை வேறு கழகத்துக்குத் தள்ளினார்கள், சம்பளம் நின்றது. வழக்குப் போட்டார். வழக்கை மீளப் பெறாமல் எக்ஸிட் இல்லை என்றார்கள். மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஓராண்டுக்கு மேல் அங்கே சிக்கிக் கிடந்தார், உண்ணாவிரதம் இருந்தார். ஸிடானுக்கும் கார்டியோலாவுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2013 நவம்பர் இறுதியில்தான் அவரை விட்டார்கள்.

அதே 2013 ஜனவரி 9ஆம் திகதியை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூதூரின் றிஸானா நபீக் அன்று சவூதி அரேபியாவில் தலை வெட்டப்பட்டார். 2005இல் 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்ட பிள்ளை. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய்ச் சில வாரங்களுக்குள் அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. தகுதியான மொழிபெயர்ப்பாளரின் உதவியின்றிப் பெறப்பட்ட வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். அது எடுபடவில்லை.

உதைபந்தாட்டத் தொடரில் இது ஏன் என்று சிலர் கேட்கலாம். பெலூனிஸின் துன்பமும் றிஸானாவின் முடிவும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. ஒருவர் வீடு திரும்பினார், மற்றவர் திரும்பவில்லை. ஆனால் ஊரைவிட்டுப் போகிறவரின் கையில் என்ன தாள் இருக்கிறது, அதை அவருக்கு வாசித்துக் காட்டியது யார், பிரச்சினை வந்தால் அவருக்காகப் பேசுபவர் யார் என்ற கேள்விகள் இருவருக்கும் ஒன்றுதான். பதில் இல்லாமல் இருவரும் அனுப்பப்பட்டார்கள்.

2022 டிசெம்பர் 30ஆம் திகதி கிறிஸ்டியானோ ரொனால்டோ ரியாத்தின் அல் நஸ்ர் கழகத்தோடு ஒப்பந்தமானார். 2023 ஜூனில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் அல் ஹிலால், அல் நஸ்ர், அல் இத்திஹாத், அல் அஹ்லி ஆகிய நான்கு கழகங்களிலும் 75 வீதப் பங்கை எடுத்தது. பென்ஸெமா, காந்தே, மானே, மஹ்ரெஸ் என்று வரிசையாக வந்தார்கள். ரூபன் நெவெஸுக்கு 26 வயது, கப்ரி வெய்காவுக்கு 21. இங்கேதான் ஐரோப்பா பயந்தது, ஆடி முடித்தவர்களோடு ஆடத் தொடங்கியவர்களும் போகிறார்களே என்று. நெய்மாருக்காக அல் ஹிலால் 90 மில்லியன் யூரோ கட்டியதாகச் செய்தி. காயப்பட்டு, ஏழே போட்டிகள் ஆடி, 2025 ஜனவரியில் அவர் பிரிந்தார். சவூதிக்குப் போனவரை இகழ எனக்கு மனமில்லை. அதே நாட்டுக்கு எங்கள் மாவட்டமே போய்வந்துகொண்டிருக்கிறது. நெய்மாரின் பக்கத்தில் வழக்கறிஞர்களும் முகவர்களும் நின்றார்கள். மூதூர்ப் பிள்ளையின் பக்கத்தில் யாரும் இல்லை.

எங்கள் வீரர்களுக்கும் தங்கள் பொகோட்டாக்கள் இருந்தன. 1980களில் பங்களாதேஷின் டாக்கா லீக் தெற்காசியாவில் பணமும் கூட்டமும் மிக்க லீக்குகளில் ஒன்று. இலங்கையின் பின்கள வீரர் பக்கீர் அலி அங்கே அபஹானி கழகத்துக்கு ஆடிப் பெயர் பெற்றார். பின்னர் அந்நாட்டுக் கழகங்களுக்குப் பயிற்றுநரானார், 2018இல் இலங்கைத் தேசிய அணிக்குப் பயிற்றுநராக வந்தார். போனவரைத் தடை செய்யாமல் அவர் கற்று வந்ததைப் பயன்படுத்திக்கொண்டது நாம் சரியாகச் செய்த ஒரு காரியம். அதற்குப் பிறகு மாலைதீவு. சுற்றுலாப் பணத்தில் மாலேயின் கழகங்கள் வளர, தேசிய அணியின் கோல் காப்பாளர் சுஜான் பெரேரா உட்பட நம்மவர் பலர் அங்கே ஆடினார்கள். 1995இல் தெற்காசியக் கிண்ணம் வென்றது இலங்கை. 2008இலும் 2018இலும் வென்றது மாலைதீவு.

உள்ளூரிலும் இழுப்பு உண்டு. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளில் சேர்ந்தால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் நிச்சயம். கொழும்புக் கழகம் எதுவும் அதைக் கொடுக்க முடியாது. கடற்படையின் பெருந்தளம் எங்கள் துறைமுகத்திலேயே இருந்தும், போர் நடந்த ஆண்டுகளில் தமிழ் இளைஞனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2018இல் ஐ.பி.சி. தமிழ் ஊடகம் புலம்பெயர்ந்தோர் பணத்தில் வடக்கு, கிழக்கு பிரிமியர் லீக்கை நடத்தியபோது 'டிரிங்கோ டைட்டன்ஸ்' என்ற பெயரில் எங்களுக்கும் ஓர் அணி இருந்தது. 2021இல் நாட்டின் சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒன்றுகூட இல்லை. திருமலைப் பையன் நாட்டின் முதற்பிரிவில் ஆடுவதற்கே முதலில் ஊரைவிட்டுப் போயாக வேண்டியிருந்தது.

போகட்டும், தாளோடு போகட்டும். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதிகளில் 2018இல் ஒன்று சேர்க்கப்பட்டது: கழகம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் நிலுவை வைத்தால், வீரர் எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம். பெலூனிஸின் காலத்தில் இது எழுதப்பட்டிருக்கவில்லை. இன்று மாலேக்குப் போகும் எங்கள் பையனுக்கு இது உண்டு. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லவும், சம்பளம் நின்றால் அந்தப் பதினைந்து நாள் கடிதத்தை எழுதிக் கொடுக்கவும் மாவட்டத்தின் லீக்குகள் சேர்ந்து ஒரு சட்டத்தரணியை ஏற்படுத்த வேண்டும். அடுத்த பருவத்துக்கான வீரர் தெரிவு தொடங்குமுன் அதைச் செய்துவிடலாம்.