கசிவும் திறப்பும்: ஒரு மீன் புரதத்தின் இரு பணிகள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் தெருமுனை மருந்துக்கடையின் குளிர்பெட்டியில், பால்போல் கலங்கிய இன்சுலின் குப்பிகள் உண்டு. உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிய பின்னரே அம்மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும். அக்கலங்கலுக்குக் காரணம் புரோட்டமின் என்னும் புரதம். தூண்டலுக்கேற்ப மருந்தை விடுவிக்கும் நானோதுகள்களின் வரலாற்றை இந்த நூற்றாண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தக் குப்பியிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன்.

1874இல் பாசல் நகரில் ஃபிரெடரிக் மீஷர், சால்மன் மீனின் விந்தணுக்களில் புரோட்டமினைக் கண்டறிந்தார். 1922இல் சிகிச்சைக்கு வந்த இன்சுலினின் வினை சில மணி நேரமே நீடித்தது. நோயாளி நாள்தோறும் பலமுறை ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது. 1936இல் டென்மார்க்கின் ஹேகடோர்ன் குழுவினர் இன்சுலினைப் புரோட்டமினுடன் பிணைத்தனர். எளிதில் கரையாத அக்கூட்டுப்பொருளிலிருந்து இன்சுலின் மெல்லப் பிரிந்தது. ஆயினும் அது வெறும் கசிவு. இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்ட நள்ளிரவிலும் அது நிற்பதில்லை.

1992இல் மொபில் நிறுவனத்தார், சீரான நுண்துளைகள் கொண்ட எம்.சி.எம்-41 என்னும் சிலிக்காவை அறிவித்தனர். பெட்ரோலிய வேதியியலுக்காகப் பிறந்த பொருள் அது. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்துளைகளின் வாயில் கூமரின் மூலக்கூறுகளைப் பொருத்தி, ஓர் அலைநீள ஒளியால் மூடவும் மற்றொன்றால் திறக்கவும் செய்தனர்.

எங்கள் நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் அசோக் ரைச்சூர், தீப்ஷிகா சக்ரவர்த்தி உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய துளைகளுக்கு மூடியாக அமைந்தது அதே புரோட்டமின்! ஆர்ஜினைன் மிகுந்த அப்புரதம் நேர்மின்னூட்டம் உடையது. எதிர்மின்னூட்டமுள்ள சிலிக்காவின்மேல் தானே படியும். டிரிப்சின் நொதி ஆர்ஜினைனை அடுத்துள்ள பிணைப்புகளையே வெட்டுவது. நொதி வந்தால் மூடி சிதையும், மருந்து வெளிவரும்.

மொழியியல் பயின்றவன் என்பதால் ஒன்று உறுத்துகிறது. ஹேகடோர்னின் முறையையும் பெங்களூரின் முறையையும் ‘கட்டுப்படுத்திய விடுவிப்பு’ என்ற ஒரே தொடரால் சுட்டுகிறோம். முன்னது காலத்துக்குக் கட்டுப்பட்டது, பின்னது நிபந்தனைக்கு. கசிவு, திறப்பு என்று பிரித்தெழுதினால் மாணவர் குழம்பமாட்டார்.

இன்சுலினுக்கே அத்தகைய திறப்பு வேண்டும் என்ற எண்ணமும் புதிதன்று. சர்க்கரையின் அளவறிந்து இன்சுலினை விடுவிக்கும் முறை ஒன்றை பிரவுன்லீ, செராமி இருவரும் 1979இலேயே முன்வைத்தனர். எங்கள் தெருமுனைக் கடையின் குளிர்பெட்டியில் இன்றும் கலங்கிய குப்பியே இருக்கிறது.