தொழிற்பயிலுநர் ஆதரவு: கொடிகாமமும் தென்மராட்சியும்

தொழில் ஒன்றைக் கைவரப் பழகிக்கொண்டிருக்கும் ஒருவர், அத்தொழிலால் தம் வயிற்றைக் கழுவும் நிலை எய்துமுன்னர், அவருக்கு உணவு, உறைவிடம், கருவி, உபகாரச் சம்பளம், மேற்பார்வை என்னும் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ பிறர் அளித்து நிற்கும் ஏற்பாடு தொழிற்பயிலுநர் ஆதரவு எனப்படும். இலங்கை அரசாங்க ஏடுகள் இத்தகையோரைப் பயிலுநர் என்று குறிக்க, யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு ‘தொழில் பழகிற பெடியன்’ என்பதோடு அமைந்துவிடும். பெண்கள் பழகிய தொழில்களும் பலவாயிருக்க, வழக்குச் சொல் ஆண்பாலிலேயே நின்றுவிட்டது.

கொடிகாமம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில், சாவகச்சேரிக்குக் கிழக்கே, கண்டி வீதியிலிருந்து வரணி வழியாகப் பருத்தித்துறைக்கும் தெற்கே கச்சாய்க்கும் வழிகள் பிரியும் சந்தியூர். தேங்காய்க்கும் பலாப்பழத்துக்கும் பெயர்பெற்ற சந்தையும் புகையிரத நிலையமும் உடையது. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘காமம்’, வலிகாமம், பனங்காமம் என்பவற்றிற் போலக் கிராமம் என்னும் வடசொல்லின் பாகத வடிவம் என்பர் ஒரு சாரார். சிங்களத்துக் ‘கம’ என்பதன் திரிபு என்பர் மற்றொரு சாரார். இரண்டு சொற்களும் ஒரே மூலத்திற் சென்று சேர்வதால், வழக்கு ஓயாதிருப்பினும் எவருக்கும் பெருநட்டமில்லை.

பட்டறை மரபு

தச்சு, கொல்லு, பொன்வேலை முதலிய தொழில்கள் குலவழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் சென்றன. பழகுபவன் பட்டறையைக் கூட்டுவதிலும் துருத்தி ஊதுவதிலும் தொடங்கி, உளியையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுக்கும் கையாளாக நின்று, ஓடாவியாரோ பத்தரோ தம் மனத்துக்குப் பிடித்த ஒரு நாளில் ‘இதை நீ செய்’ என்று சொல்லும்வரை காத்திருப்பான். அக்காத்திருப்புக் காலத்தில் அவனுக்குக் கிடைத்த ஆதரவு பெரும்பாலும் மதியச் சோறும், தீபாவளிக்கோ வருடப் பிறப்புக்கோ ஒரு வேட்டியுமே. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டமொன்று பயிற்சிக் காலத்தை ஏழாண்டு என வரையறுத்து, 1814 வரை அவ்விதி நிலைபெற்றிருந்தது. தென்மராட்சிப் பட்டறையிலோ ஆண்டுக் கணக்கை மாணாக்கனின் கைத்திறமே தீர்மானித்தது. இம்முறையைப் பயிலுநர் முறை என்று கொள்வதா, சாதிவழித் தொழிற்கட்டுப்பாடு என்று கொள்வதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. வேறு குலத்துச் சிறுவன் உளி பிடிக்க வந்தால் இடங்கொடுக்கப்பட்டிரான் என்பதும், இடங்கொடுக்கப்பட்ட சிறுவன் பசியோடு வீடு திரும்பியிரான் என்பதும் ஒருங்கே உண்மையாகலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையாட்களோடும் கூலியாட்களோடும் சேர்த்துக் கைவினைக் கூலிக் கம்மியரின் ஒப்பந்தங்களையும் ஒழுங்கு செய்தது. துருத்தி ஊதிய சிறுவனிடம் ஒப்பந்தப் பத்திரம் ஏது?

மிஷன் காலம்

பயிலுவோரை யார் தாங்கினர் என்பதற்குக் கணக்கேடும் கடிதமும் நிரம்பக் கிடைப்பது அமெரிக்க மிஷன் காலத்துக்கே. கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் போஸ்டன் நகரத்துச் சங்கத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய நிலையில் இம்மிஷனரிமார் இருந்தமையே இதற்குக் காரணம். 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கிய இம்மிஷன், 1830களில் தென்மராட்சிக்கும் வந்து சாவகச்சேரியிலும் வரணியிலும் நிலையங்கள் அமைத்தது. கொடிகாமம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் உள்ளது. ஆயினும் தொழிற் பயிற்சியின் கதை வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலுமே விரிகின்றது.

வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய உயர் பாடசாலை, பின்னர் செமினரி எனப் பெயர்பெற்று, மாணாக்கருக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளித்தது. அச்செலவைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்த உபகாரிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவராக ஏற்றுக்கொண்டனர். ஏற்றுக்கொண்டவர் தம் பெயரையோ தமக்கு உகந்த பெரியார் ஒருவரின் பெயரையோ அப்பிள்ளைக்கு இடும் வழக்கமும் கூடவே வந்தது. அதனாலேயே சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் எனவும் வழங்கப்பட்டார். சோற்றோடு ஒரு பெயரையும் சேர்த்துக் கொடுத்த உபகாரச் சம்பளம் வேறெங்கும் எளிதிற் காணக் கிடையாது. பசித்த பிள்ளைகளுக்கு இட்ட அன்னம் இது என்று மிஷனார் கூற, மதமாற்றத்துக்கு இட்ட தூண்டில் இரை என்று சைவர் கூறினர். இரு கூற்றுக்கும் அக்கால ஏடுகளில் ஆதாரம் காட்டலாம். பெற்ற பிள்ளைகளுள்ளும் இரு வகையினரும் இருந்தனர்.

அச்சுத்தொழிலின் வரலாறு இதனினும் சுவையுடையது. 1820இல் மிஷன் தன் அச்சு யந்திரத்தை இயக்க வரவழைத்த ஜேம்ஸ் காரெற் என்னும் அச்சாளரை, அமெரிக்கர் இன்னும் பெருகுவதை விரும்பாத தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தீவைவிட்டு வெளியேறுமாறு பணித்தார். ஆள் பம்பாய்க்குச் சென்றார். யந்திரமோ நல்லூரில் ஆங்கிலத் திருச்சபையாரிடம் தங்கிவிட்டது. 1834இல் அது அமெரிக்க மிஷனின் கைக்கு மீண்டு மானிப்பாயில் நிறுவப்பட, ஈஸ்மன் மைனர் என்னும் அச்சாளர் வந்து சேர்ந்தார். எழுத்துக் கோத்தல், மை தடவுதல், தாள் மடித்தல், நூல் கட்டுதல் என்னும் பணிகளை அவரிடம் பழகியவர்கள் ஊர் இளைஞரே. தமிழ் எழுத்துப் பெட்டியில் உயிர்மெய்களுக்கும் கூட்டெழுத்துகளுக்குமாக அறைகள் மிகப் பலவாதலின், எவ்வெழுத்து எவ்வறையில் என்பது விரலுக்குத் தெரியும்வரை பயிலுநரின் கண் அறையறையாக அலையவேண்டும். அந்நாட்களில் அவன் கோக்கும் வரிகள் கூலிக்கு ஈடாகா. அந்நட்டத்தைத் தாங்கியது மிஷன். அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது: 1841 ஜனவரியில் உதயதாரகைப் பத்திரிகையும், 1842இல் மானிப்பாய் அகராதியும் அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தன. உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அந்நியப் பெயர் பூண்ட தமிழரே.

1855இல், செமினரி மூடப்பட்ட அதே ஆண்டில், அச்சகத்தையும் மிஷன் கைவிட்டது. தாய்நாட்டிலிருந்து வந்த ஆண்டர்சன் குழுவினர் ஆங்கிலக் கல்வியைக் குறைத்துச் சமயப் பணியைப் பெருக்கச் சொன்னமையே காரணம் என்பர். கற்றவர் யாவரும் அரசாங்க உத்தியோகத்துக்கே ஓடியமை முன்னரே மிஷனாரைச் சலிப்பித்திருந்தது என்பாரும் உளர். அச்சகம் ஸ்ட்ரோங், அஸ்பரி என்னும் உள்ளூர்க் கிறிஸ்தவர் இருவர் வசமாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து யந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவியிருந்தார். தூண்டிலென்று வைதவரும் அதே கைத்தொழிலைத் தம் பக்கத்துக்குக் கொண்டுவந்தமை கவனிக்கத்தக்கது.

இக்காலத்து மற்றொரு பயிற்சி வைத்தியருடையது. 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மாணாக்கரைச் சேர்த்து, நோயாளியின் பக்கத்தில் நிறுத்தியே வைத்தியம் பழக்கினார். ஆங்கிலத்திற் கற்ற முதல் வகுப்பினர் அரசாங்க வேலைக்குச் சென்றுவிட, கிராமத்திலே தங்கும் வைத்தியர் வேண்டுமென்று 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களைத் தாமும் தம் மாணாக்கருமாக மொழிபெயர்த்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்பன அவற்றுட் சில. 1873இல் நாடு திரும்புமுன் அவர் பழக்கிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர். பயிலுநருக்கு அவர் மொழியிலேயே பாடநூல் ஆக்கிக் கொடுப்பதும் ஆதரவே என்று கொண்டால், குடாநாட்டில் அவ்வாதரவை இத்துணைச் சிரத்தையோடு அளித்தவர் பிறர் இலர் எனலாம்.

அரசாங்கத்தின் கை

1893இல் கொழும்பு மருதானையில் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கிற்று. கொடிகாமத்துப் பிள்ளைக்கு அது நெடுந்தூரம். 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையும், 1905இல் தெற்கோடு இணையும் வண்ணம் கொடிகாமத்தைக் கடந்தும் புகையிரதப் பாதை அமைந்தபின் அத்தூரம் ஓரிரவாகக் குறைந்தது. 1943இல் வெளிவந்த கன்னங்கராக் குழுவின் அறிக்கை மூவகை உயர்நிலைப் பாடசாலைகளுள் ஒன்றாகச் செய்முறைப் பாடசாலையையும் வைத்தது; இலவசக் கல்வி 1945இல் வந்தது, செய்முறைப் பாடசாலையோ பெரும்பாலும் அறிக்கையிலேயே தங்கிற்று. 1972இல் அவ்வவ்வூர்த் தொழிலைப் பள்ளிக்குள்ளே கொண்டுவரும் நோக்குடன் தொழில்முன்னிலைப் பாடம் கட்டாயமாக்கப்பட்டு, 1977இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. பிள்ளையை உத்தியோகத்துக்கென்றே படிப்பித்த யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அதை மனமுவந்து ஏற்றிருந்தனர் என்று சொல்லுதல் கடினம்.

பயிலுநர் என்னும் நிலைக்கே தனிச் சட்டவுருவம் தந்தது 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம். அவ்வாண்டு ஏப்ரலில் தெற்கில் எழுந்த இளைஞர் கிளர்ச்சியின் நிழல் அதன்மேல் விழுந்திருத்தல் கூடும். அயல்நாடான இந்தியா இத்தகைய சட்டத்தை 1961லேயே இயற்றியிருந்தது. இச்சட்டத்தின்வழி, பயிலுநர், தொழில் வழங்குவோர், பயிலுநர் சபை ஆகியோரிடையே எழுத்து மூலமான உடன்படிக்கையும் பயிற்சிக் காலக் கொடுப்பனவும் வழக்கிற்கு வந்தன. சபை 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாக மாறியது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை ஓலைப் பின்னல் முதலியவற்றைப் பழக்கியது. இதிற் பயின்றவர் பெரும்பாலும் பெண்கள். தென்மராட்சியிலேயே கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

தட்டிவான்

கொடிகாமத்தில் தொழில் பழகுதல் என்றதும் முதியோர் நினைவுக்கு வருவது, கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான். பழைய லொறியின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தாற் கூடு கட்டி, மர வாங்குகள் பொருத்தி, பின்புறம் சங்கிலியில் தொங்கும் ஒரு பலகைத் தட்டியையும் உடைய வாகனம் அது; பெயர் அத்தட்டியால் வந்ததென்பர். சந்தைத் தேங்காயும் பலாப்பழமும் தட்டியிலே ஏற, ஆட்கள் உள்ளே நெருங்கி அமர்ந்து வடமராட்சிக்குச் சென்றனர். ஒரு தட்டிவானைச் சுற்றி மூன்று தொழில்கள் பழகப்பட்டன: கூடு கட்டும் ஓடாவியாரிடம் மரவேலை, வில்லுத்தகடு அடிக்கும் கொல்லரிடம் இரும்புவேலை, கராஜில் எஞ்சின் வேலை. கிளீனராகச் சேர்ந்த பெடியன் சில்லுக்குக் காற்றடித்து, றேடியேற்றருக்கு நீர் வார்த்து, மூட்டை ஏற்றி இறக்கி, தட்டியில் நின்று கூவி ஆள் சேர்த்து, மாலை வேளையில் வெறும் வானை ஒதுக்கி நிறுத்தும் சாக்கில் வளையம் பிடிக்கப் பழகினான். அவனுக்கு உடன்படிக்கையும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை. தேநீரும் சாப்பாடும் கைச்செலவும் சாரதியின் பொறுப்பு.

போர்க்காலமும் பின்னரும்

1990இல் புகையிரதம் நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் ஓய்ந்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகிப்போக, கராஜ்காரர் சில துளி பெற்றோலால் எஞ்சினுக்கு உயிரூட்டிப் பின் மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தையைக் கைக்கொண்டனர். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இவ்வித்தையைக் குடாநாட்டில் ஒரு தலைமுறை பழகியது. 1995 அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய பேரிடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நிறைத்தனர். 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சியாரே இடம்பெயர்ந்தனர்.

பிந்திய ஆண்டுகளில் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை நடைமுறைக்கு வந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரெயில் ஓடியது. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மனியின் உதவியுடன் தொழிற்பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. கொடிகாமத்திலிருந்து அதே கண்டி வீதியிற் செல்லலாம். சர்வதேசத் தொழில் தாபனம் 2023இல் தரமான பயிலுநர் முறை பற்றிய 208ஆம் இலக்கப் பரிந்துரையை நிறைவேற்றி, தக்க ஊதியமோ நிதிசார் ஈடோ பயிலுநருக்குக் கிடைக்கவேண்டும் என்றது.

இத்தகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரித்தல் என்றொரு வழியும் உண்டு. பட்டறையிலோ கராஜிலோ பழகியவர் வகுப்புக்குச் செல்லாமலே மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். வேலையைச் செய்து காட்டுதல் இவர்களுக்கு அரிதன்று. அதனோடு, இன்ன இடத்தில் இத்தனை ஆண்டு தொழில் செய்தார் என்று காட்டும் கடிதம் முதலிய ஆதாரங்களும் கேட்கப்படும். தட்டிவானில் தொழில் பழகியவர், தமக்குச் சோறு போட்ட சாரதியைத் தேடிச் சென்றே அக்கடிதத்தை வாங்கவேண்டும்.