சுவாசக் கட்டுப்பாடு: கரியமில வாயுவும் மூளையின் இரத்த ஓட்டமும்

சுவாசக் கட்டுப்பாடு என்பது, உடலின் தேவைக்கேற்ப மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் இடைவிடாது திருத்தியமைக்கும் காரியமாகும். பிராணவாயுவை நாடியே மூச்சு நடக்கிறது என்பது பொதுஜன அபிப்பிராயம். ஆனால் சாதாரண நிலையில் அதனை ஆள்வது இரத்தத்திலுள்ள கரியமில வாயுவும் அதனால் விளையும் அமிலத்தன்மையுமே. எலவனாசூர்கோட்டைச் சமவெளியில் வாழும் ஒருவர் கல்வராயன் மலைமீது ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் பிராணவாயு குன்றிவிட்டதனால் அன்று. உழைக்கும் தசைகள் மிகுதியாக உண்டாக்கும் கரியமில வாயுவை உடனுக்குடன் வெளியேற்றி இரத்தத்தின் சமநிலையைக் காக்கவே சுவாசம் பெருகுகிறது.

வரலாறு

மூச்சை நடத்தும் ஸ்தானம் முகுளத்தில் உள்ளது என்பதை, முயல்களின் மூளையைப் படிப்படியாக நீக்கிப் பார்த்து 1812ஆம் ஆண்டில் நிறுவியவர் பிரெஞ்சு மருத்துவர் லெகால்வா. பிராணவாயுவின் குறைவு, கரியமில வாயுவின் மிகுதி ஆகிய இரண்டுமே மூச்சைத் தூண்டும் என்று 1868இல் ஜெர்மானியரான ப்ளூகர் காட்டினார். இவற்றுள் கரியமில வாயுவே பிரதானமானது என்று 1885இல் மீஷர் வற்புறுத்தினார்.

தூண்டுதல் எங்கே உணரப்படுகிறது என்ற வினாவுக்குப் பெல்ஜியத்தின் ஃப்ரெடெரிக் செய்த பரிசோதனை விடை தந்தது. இரண்டு நாய்களின் கழுத்து இரத்தக் குழாய்களைக் குறுக்காக இணைத்து, ஒன்றின் உடலிலிருந்து வரும் இரத்தம் மற்றொன்றின் தலைக்குச் செல்லுமாறு அவர் அமைத்தார். முதல் நாயின் மூச்சுக்குழாயை அடைத்தபோது மூச்சிறைத்தது இரண்டாவது நாய்க்கே. அடைபட்ட நாயின் மூச்சோ தணிந்துபோயிற்று. தலையை அடையும் இரத்தத்தின் தன்மையே மூச்சை நிர்ணயிக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் 1905ஆம் ஆண்டில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும், நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு 0.2 விழுக்காடு ஏறினாலே சுவாசத்தின் அளவு இருமடங்காகும் என்று கணக்கிட்டுக் காட்டினர். கழுத்துத் தமனியின் கிளைப்பில் அமைந்த சிறிய உறுப்பு இரத்தத்தின் இரசாயன மாறுதல்களை உணர்ந்து முகுளத்துக்கு அறிவிக்கிறது என்பதை விளக்கிய ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

மூளையின் இரத்த ஓட்டம்

1940களில் அமெரிக்கரான கெட்டியும் ஷ்மிட்டும் மனிதருடைய மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை வகுத்தனர். 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. 5 முதல் 7 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தால் இவ்வோட்டம் முக்கால் பங்கு அதிகரிக்கிறது. வெள்ளம் மிகும்போது மதகைத் திறந்துவிடுவது போல, மூளையின் நாளங்கள் விரிந்து, அங்கே தங்கும் கரியமில வாயுவை அடித்துச் செல்வதனால், முகுளத்தின் மீதான தூண்டுதல் அளவு கடவாமல் நிற்கிறது. இவ்விரிவு மந்தப்பட்டால் சுவாசம் மிகைப்பட்டும் அடங்கியும் மாறிமாறி அலையும். இருதயம் தளர்ந்தோரிடம் செயின் 1818இலும் ஸ்டோக்ஸ் 1854இலும் வருணித்த விட்டுவிட்டு வரும் மூச்சுக்கு, இரத்தம் நுரையீரலிலிருந்து தலையை அடையும் தாமதத்தோடு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்திய ஆராய்ச்சிகள்

நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடுத்துள்ள ‘ஜே’ உணர்வேற்பிகளை 1950களில் கண்டறிந்த அவதார் சிங் பெயிண்டல், மூச்சுத்திணறல் என்னும் அனுபவத்துக்கு இரசாயனமல்லாத வேறொரு வாயிலும் உண்டு என்று உணர்த்தினார். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர், காற்றுப் புகாத பெட்டிக்குள் இருந்த இராமானந்த யோகியை ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட முடிவு, அவர் தமது பிராணவாயுச் செலவை அடிப்படைத் தேவைக்கும் கீழே குறைத்துக்கொண்டார் என்பதாகும்.

கள்ளக்குறிச்சியின் துயரம்

இரத்தத்தின் அமிலத்தன்மை மூச்சை ஆளும் என்ற விதியின் கொடிய வடிவத்தை 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம் கண்டது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையை அழிக்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. அமிலம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. ஆகையால் கழுத்துத் தமனியின் உணர்வுறுப்பே முதலில் அபாயத்தை அறிவிக்க, கரியமில வாயுவை வெளியேற்றியாவது அமிலத்தைத் தணிக்கும்பொருட்டு மூச்சு ஆழ்ந்து விரைகிறது. அவ்வாறு கரியமில வாயு வெளியேறி இரத்தத்தில் குறைவதனால் மூளையின் நாளங்கள் சுருங்கும் இயல்புடையன. உடலின் இத்தற்காப்புக்கு எல்லை உண்டு. காரம் செலுத்துதல், மெத்தனாலின் மாற்றத்தைத் தடுக்கும் மருந்து, இரத்தச் சுத்திகரிப்பு ஆகியவை தாமதமின்றிக் கிடைத்தால் உயிரைக் காக்கலாம்.

பயன்

நுரையீரல் நோய் இன்றியே ஆழ்ந்து விரையும் மூச்சு, இரத்தம் அமிலமாகிவிட்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும். நீரிழிவினால் இரத்தம் அமிலமாகும் நிலைக்கும் சாராய விஷத்துக்கும் பொதுவான இவ்வறிகுறியைக் கிராமந்தோறும் ஜனங்கள் அறிந்திருப்பதும், அதைக் கண்டவுடன் நோயாளியை வீட்டில் வைத்துக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், இரு நூற்றாண்டுகளாக வளர்ந்த இச்சாஸ்திரம் சாமானியருக்கு அளிக்கும் மிக அவசியமான பாடமாகும்.