ஈப்போவின் வான்வழி

பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போ நகருக்கு அண்மையில் லகாட் என்னும் சிற்றூர் உள்ளது. ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் சூழ வளர்ந்த ஊர் அது. அங்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் குடியேறிய தமிழர், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிக் கடல் கடந்து, மலாயாத் துறைமுகங்களில் இறங்கி, இருப்புப்பாதை வழியாக வந்து சேர்ந்தவர்கள். கப்பலைப் பற்றியும் இரயிலைப் பற்றியும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லக் கதைகள் உண்டு. வான்வழியைப் பற்றி அவ்வாறு பேசுவார் அரியர். ஆயினும் மலாயாவின் வானூர்தி வரலாற்றில் ஈப்போவுக்கு மிகத் தொடக்கத்திலேயே ஓர் இடம் கிடைத்தது. பின்னர் அது பலமுறை கைநழுவிப் பலமுறை திரும்பவும் வந்தது. நகரின் பெருமை சிறுமையால் மட்டும் இவ்வாறு நிகழவில்லை. எந்த நிறுவனத்தின் கையில் எவ்வகை விமானம் இருந்தது, அந்நிறுவனம் யாரோடு கூட்டு வைத்திருந்தது என்பனவே பெரும்பாலும் அதனை முடிவு செய்தன.

வழிகள் எவருக்காகப் போடப்பட்டன என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். மலாயாவின் முதல் இருப்புப்பாதை, 1885இல், இதே பேராக்கில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைக்குப் போடப்பட்டது. ஈயத்தைத் துறைக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். கிந்தாவின் பாதைகளும் அவ்வாறே வந்தன. மனிதர் அப்பாதைகளில் பயணம் செய்தது பின்விளைவு. பத்து காஜாவுக்கு அருகில், இன்று சுற்றுலாப் பயணிகள் காணச் செல்லும் முற்றுப்பெறாத மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளரை வருவித்த தோட்ட முதலாளி. அவர் 1926இல் லிஸ்பனில் காலமானார். அக்காலத்தில் தோட்டத் துரைக்கும் கடல் கடக்கக் கப்பலன்றி வேறு வழியில்லை. துரை மேல்தட்டு அறையிலும், தொழிலாளி திறந்த தளத்திலும் சென்றனர் என்பதே வேறுபாடு. அதே 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல்தான் பின்னர் அரை நூற்றாண்டளவும் தமிழகத்திற்கும் மலாயாவுக்கும் இடையே தளப் பயணிகளை ஆயிரக்கணக்கில் சுமந்தது.

இந்தியாவில் 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அஞ்சல் பெல்லாரி வழியாகச் சென்னையை அடைந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் வழித்தடம் சிங்கப்பூர் வரை நீண்டது. பேரரசின் பெருவழி இவ்வாறு மலாயாவைத் தொட்டபோதும், மலாயாவின் உள்ளூர்களுக்கு விமானம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு செல்ல இரயிலில் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன.

இக்குறையை நீக்க முன்வந்தவர்கள் வானூர்தி வல்லுநர் அல்லர். மோட்டார் வண்டி வணிகர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் வண்டி விற்பனை நடத்திய வேர்ன் சகோதரர்கள், 'வேர்ன்ஸ் ஏர் சர்வீஸ்' என்னும் பெயரில் 1937ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைத்து முதல் விமானத்தை விட்டனர். சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டு அப்போது பதினாறு நாட்களே ஆகியிருந்தன. அவர்கள் தேர்ந்த விமானம் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'டிராகன் ராபிட்'. ஒட்டுப்பலகைச் சட்டத்தின்மேல் துணி போர்த்த இரட்டைச் சிறகு விமானம் அது, இயந்திரம் இரண்டு, இருக்கை எட்டு. சிறு மைதானத்திலும் இறங்கக்கூடியது என்பதே அதன் சிறப்பு.

தொடக்கத்தில் ஒரு விமானமே இருந்தது. ஒரே விமானத்தை வைத்துக்கொண்டு வாரத்துக்கு மும்முறை சென்று வரலாம். நாள்தோறும் செல்ல இயலாது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் நாளில் மாற்று விமானம் இல்லை. இரண்டாவது ராபிட் வந்து சேர்ந்த பின்னரே நாள்தோறும் பயணம் என்பது இயன்றது. ஈப்போவும் அப்போதுதான் அப்பட்டியலில் ஏறியது. ஈயத்தில் அன்று உலகப் புகழ் பெற்றிருந்த ஒரு நகரம், எட்டிருக்கை விமானம் இன்னொன்று வரும்வரை வானத்துக்குக் காத்திருந்தது எனலாம். பயணம் செய்தவர் யாவர் என்பதை ஊகித்தல் அரிதன்று: சுரங்க மேலாளர், தோட்டத் துரைமார், வணிகர், அரசு அலுவலர். அடுத்த ஆண்டே, 1938இல், இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. லகாட்டின் தோட்டத் தமிழருக்கு அவ்வாண்டு தலையாய செய்தி அதுவேயன்றி, தலைக்கு மேல் பறந்த ராபிட் அன்று.

இதற்கிடையே வேறொரு கூட்டு உருவாயிற்று. அதே 1937ஆம் ஆண்டு அக்டோபரில், லிவர்ப்பூலின் ஓஷன் கப்பல் நிறுவனமும், சிங்கப்பூரின் ஸ்டிரெயிட்ஸ் ஸ்டீம்ஷிப் நிறுவனமும், இம்பீரியல் ஏர்வேஸும் சேர்ந்து 'மலாயன் ஏர்வேஸ்' என்பதைப் பதிவு செய்தன. கப்பல் முதலாளிகள் விமானத்தில் கை வைத்தது வியப்பன்று. தீபகற்பக் கரையோரத் துறைகளில் சரக்கும் பயணிகளும் ஏற்றி வளர்ந்தது ஸ்டிரெயிட்ஸ் ஸ்டீம்ஷிப்; ஈயத் தாதுவைச் சிங்கப்பூரின் உருக்காலைக்குச் சுமந்ததும் அதன் தொழிலே. பயணிகளை நாளை வானம் கவருமாயின், அந்த வானத்திலும் பங்கு வைத்திருத்தல் நல்லது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். எண்ணினாரேயன்றிப் பறக்கவில்லை. பத்தாண்டு அந்நிறுவனம் காகிதத்திலேயே இருந்தது. பறந்துகொண்டிருந்த வேர்ன் சேவையோ சப்பானியப் படையெடுப்போடு மறைந்தது.

போருக்குப் பின் 1947ஆம் ஆண்டு மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் தன் முறையான பயணத்தைத் தொடங்கியபோது, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்ற வரிசையில் ஈப்போ முதல் நாளிலிருந்தே இடம்பெற்றது. இம்முறையும் காரணம் சிறிய விமானமே. 'ஏர்ஸ்பீட் கான்சல்' என்பது போர்க்காலப் பயிற்சி விமானத்தைப் பயணிகளுக்கென மாற்றியமைத்தது. ஐந்தாறு பேரே அமரலாம். அதனை நிரப்ப ஈப்போ போதும். விரைவில் போரில் மிகுந்து நின்ற டகோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன. இருபதுக்கு மேற்பட்டோர் அமரும் அவற்றையும் நிரப்புமளவு ஆள் கிடைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1948 ஜூனில் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. சாலையும் இருப்புப்பாதையும் அஞ்சத்தக்கவை ஆயின. பணமுள்ளவர் வானத்தை நாடினர். தோட்டத் தொழிலாளியோ ஊரடங்கிலும் முள்வேலிக்குள்ளும் அகப்பட்டுக் கிடந்தார்.

1954இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. எனினும் 'ரஜூலா'வின் தளத்தில் கூட்டம் குறையவில்லை. விமானக் கட்டணம் அன்று தோட்டச் சம்பளத்துக்கு எட்டாத உயரம்.

அடுத்த இருபதாண்டில் மலாயன் ஏர்வேஸ் பெருநிறுவனமாயிற்று. 1963இல் பெயரில் மலேசியா ஏறியது. 1966இல் 'மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்' ஆயிற்று. சிங்கப்பூர் தனிநாடாகிய பின் இரண்டு அரசுகள் ஒரே நிறுவனத்தை நடத்திய காலம் அது. கணவனும் மனைவியும் பிரிந்த பின்பும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒத்தது அந்த ஏற்பாடு. பிணக்கு எதைப் பற்றியது என்பதே இங்குக் கருதத்தக்கது. சிங்கப்பூருக்கு உள்நாட்டு வான்வழி என ஒன்றில்லை. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு யாரும் பறப்பதில்லை. ஆகவே அது நெடுந்தொலைவு செல்லும் பெரிய ஜெட் விமானங்களில் முதல் போட விரும்பியது, ஆதாயம் அங்கிருந்தது. மலேசியாவுக்கோ ஈப்போ, கோத்தா பாரு, கிழக்கே சபா சரவாக்கின் சிற்றூர்கள் ஆகியவற்றை இணைக்கும் கடமை இருந்தது. அதற்கு வேண்டியவை நாற்பது பேர் அமரும் 'போக்கர் 27' போன்ற சுழல்விசிறி விமானங்கள். அவற்றில் ஆதாயம் குறைவு. ஒரே பணப்பெட்டியிலிருந்து இரண்டையும் வாங்க முடியவில்லை. இதனைத் தேசியப் பெருமைப் பூசல் என்று மட்டும் கூறுவார் உளர். பெருமையும் இருந்தது, ஆனால் எந்த விமானத்தை வாங்குவது என்ற வினாவே பூசலின் அடிவேர்.

1972 அக்டோபரில் பிரிவினை நிறைவேறியது. போயிங் 707, 737 ஜெட்டுகளும், சிங்கப்பூரிலிருந்து சென்ற அயல்நாட்டு வழிகளும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பங்காயின. போக்கர்களும் உள்நாட்டு வழிகளும் மலேசியாவின் 'மாஸ்' நிறுவனத்துக்கு வந்தன. சொத்துப் பிரிவினையில் இளையவனுக்குப் புன்செய் கிடைத்தது போலத் தோன்றினும், ஈப்போவின் நோக்கில் அது நன்மையாகவே முடிந்தது. போக்கர் யாருக்குச் சென்றதோ, ஈப்போவும் அவருக்கே சென்றது.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1985ஆம் ஆண்டு இரண்டு அடிகளைக் கொண்டுவந்தது. பிப்ரவரியில், 'ரஜூலா'வுக்குப் பின் சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அக்கப்பல் போக்குவரத்து அத்துடன் நின்றது. அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. முதலாவது நிகழ்ச்சி, ஊருக்குச் செல்ல விரும்பிய தமிழரை வானத்தையே நம்பச் செய்தது. இரண்டாவது, ஈப்போவிலிருந்து பறக்கும் பணக்காரரைக் குறைத்தது. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை நிறைவுற்றது. 2010இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் மின்தொடர்வண்டி ஓடலாயிற்று. இருநூறு கிலோமீட்டருக்கு விமானம் ஏறுவோர் இல்லாமற் போயினர்.

தோட்டத் தமிழரின் பேரர்களுக்கு வானம் எட்டியது வேறொரு தேர்வினால். 2001இல் டோனி பெர்னாண்டஸ் கடனில் மூழ்கிய ஏர்ஆசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு, கடனையும் ஏற்றுக்கொண்டு, வாங்கினார். அதன் வழி எளியது: ஒரே வகை விமானம். முதலில் போயிங் 737. 2005இன் இறுதி முதல் 180 பேர் அமரும் ஏர்பஸ் 320. ஒரே வகையாயின் விமானிகளுக்கு ஒரே பயிற்சி போதும். உதிரிப்பொருள் ஒரே குவியல். ஒன்று பழுதானால் மற்றொன்று அதன் இடத்தை நிரப்பும். வேர்ன் சகோதரர்கள் இரண்டாவது ராபிட்டால் பெற்ற பயனை ஏர்ஆசியா நூற்றுக்கணக்கில் பெருக்கிக்கொண்டது. 2008இல் அது கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிராப்பள்ளிக்குப் பறந்தது. சென்னையில் இறங்கி இரவெல்லாம் பேருந்தில் செல்ல வேண்டியிருந்த தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து உறவினர்க்கு அது பெரும் பேறு. ஆயின் லகாட்டில் வாழ்பவர் திருச்சிக்குச் செல்ல முதலில் ஈப்போவுக்கும், அங்கிருந்து தெற்கே கோலாலம்பூருக்கும், மேலும் தெற்கே சிப்பாங் விமான நிலையத்துக்கும் சென்றாக வேண்டும். 180 இருக்கைகளைத் திருச்சிக்கென நாள்தோறும் நிரப்ப ஈப்போவால் இயலாது.

கூட்டணிகளும் இதே கணக்கின் மறுபக்கம். தான் பறக்காத ஊருக்குத் தன் சீட்டை விற்க ஒரு நிறுவனத்துக்குத் துணை வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000இல் ஸ்டார் கூட்டணியிலும், மலேசியா ஏர்லைன்ஸ் 2013இல் ஒன்வேர்ல்டு கூட்டணியிலும் சேர்ந்தன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிர் அணியில் நின்றனர். அவ்விரண்டுமே 2019இல் தமக்குள் வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 1932இல் அஞ்சல் மூட்டையோடு தொடங்கிய டாட்டாவின் ஏர் இந்தியா, அரசுடைமையாகி, 2022இல் மீண்டும் டாட்டாவிடம் வந்தது. 2024இல் விஸ்தாரா அதனோடு இணைந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 விழுக்காட்டுப் பங்குதாரர் ஆயிற்று.

ஈப்போவின் விமான நிலையம் இன்று சுல்தான் அஸ்லான் ஷா பெயரைத் தாங்குகிறது. அதன் ஓடுபாதை 2,000 மீட்டராக நீட்டப்பட்டது. அதன்பின், 2015இல், டைகர் ஏர் நிறுவனம் ஏர்பஸ் 320 கொண்டு சிங்கப்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே பறக்கலாயிற்று. 2017இல் டைகர் ஸ்கூட்டுடன் ஒன்றாயிற்று. இரண்டுமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிளை நிறுவனங்கள். 1972இல் ஈப்போவைப் பங்கில் பெறாமற் சென்ற வீட்டின் பிள்ளைகளே, வேர்ன் சகோதரர்கள் ராபிட்டை ஓட்டிய அதே வழியில், நாற்பத்து மூன்றாண்டு கழித்து ஈப்போவுக்குத் திரும்பி வந்தனர்.