நியூயார்க் சவர்

நியூயார்க் சவர் என்பது விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு ஆகியவற்றின் கலவை மீது சிவப்பு வைனைத் தனி அடுக்காக மிதக்கவிட்டுப் பரிமாறப்படும் ஒரு மதுபானம் ஆகும். காக்டெயில் எனப்படும் கலவை மதுபானங்களுள், எளிய பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய அடுக்குப் பானங்களில் இது பரவலாக அறியப்பட்டது. கண்ணாடிக் குவளையில் கீழே வெளிர் மஞ்சளும் மேலே அடர் சிவப்புமாக இரு நிறங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஊற்றுபவரின் கைத்திறனே இதற்குக் காரணம் எனக் கருதப்படுவதுண்டு. கைத்திறன் ஓரளவு உதவினாலும், அடுக்குகளைப் பிரித்து நிறுத்துவது சர்க்கரையே ஆகும்.

பெயரும் வரலாறும்

சவர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புளிப்பு என்பது பொருள். மதுவுடன் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் பானங்கள் அனைத்தும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. அமெரிக்கரான ஜெர்ரி தாமஸ் 1862 ஆம் ஆண்டில் வெளியிட்ட கலவை மதுபான நூலில் இவ்வகைப் பானங்கள் இடம்பெற்றுள்ளன.

பெயரில் நியூயார்க் இருந்தபோதிலும், இப்பானத்தின் தொடக்கம் சிகாகோவுடனேயே தொடர்புபடுத்தப்படுகிறது. சவர் மீது சிவப்பு வைனை ஊற்றும் வழக்கத்தைத் தாமே தொடங்கியதாக அந்நகர மதுச்சாலைப் பணியாளர் ஒருவர் 1880களில் உரிமை கொண்டாடினார் என்று கூறப்படுகிறது. கான்டினென்டல் சவர், சதர்ன் விஸ்கி சவர் ஆகிய பெயர்களும் இதற்கு வழங்கின. பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கம் 2020 ஆம் ஆண்டில் இதனைத் தனது அலுவல்முறைப் பட்டியலில் சேர்த்தது.

அடுக்கு உருவாகும் விதம்

அடர்த்தி மிகுந்த திரவம் கீழேயும் குறைந்தது மேலேயும் நிற்கும் என்பது பொதுவிதி. தூய நீரின் அடர்த்தி ஒரு மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் ஆகும். சர்க்கரை கரைந்தால் அடர்த்தி கூடும்; எத்தனால் கலந்தால் குறையும். இனிப்பற்ற சிவப்பு வைனில் திராட்சையின் சர்க்கரை பெரும்பாலும் நொதித்து எத்தனாலாக மாறிவிடுவதால், அதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே குறைவாக, ஏறத்தாழ 0.99 ஆக இருக்கும்.

ஆனால் விஸ்கி வைனைவிடவும் இலேசானது. 40 விழுக்காடு எத்தனால் கொண்ட விஸ்கியின் அடர்த்தி ஏறத்தாழ 0.95 மட்டுமே. அவ்வாறாயின் வைன் எவ்வாறு மேலே நிற்கிறது என்ற கேள்வி எழுகிறது. 60 மி.லீ. விஸ்கி 57 கிராம், 30 மி.லீ. எலுமிச்சைச் சாறு 31 கிராம், 22.5 மி.லீ. சர்க்கரைப் பாகு 27.5 கிராம், குலுக்கும்போது பனிக்கட்டி உருகிச் சேரும் நீர் 25 கிராம் எனக் கொண்டால், கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 1.02 ஆகிறது. எனவே வைன் மிதக்கிறது. பாகை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அது 0.98 ஆகக் குறைந்துவிடும். அந்நிலையில் எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் வைன் கீழே இறங்கிக் கலந்துவிடும். வீட்டில் செய்வோர் இனிப்பைக் குறைக்க எண்ணிப் பாகைத் தவிர்க்கும்போது அடுக்கு அமையாமல் போவதற்கு இதுவே காரணம்.

இதே காரணத்தால், சர்க்கரை மிகுந்த போர்ட் போன்ற இனிப்பு வைன்கள் இதற்குப் பொருந்துவதில்லை. மால்பெக், ஷிராஸ் போன்ற அடர்நிற, இனிப்பற்ற வைன்களே பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றன.

செய்முறை

சர்க்கரையையும் நீரையும் சம எடையில் எடுத்து, சர்க்கரை முற்றிலும் கரையும் வரை சூடாக்கி ஆறவைத்தால் பாகு கிடைக்கும். பாகு, விஸ்கி, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை மேற்கூறிய அளவில் மூடியுள்ள குவளையில் இட்டு, பனிக்கட்டி சேர்த்து 15 நொடிகள் வரை நன்கு குலுக்க வேண்டும். மூடி இறுகப் பொருந்தும் வாயகன்ற கண்ணாடிப் புட்டியும் இதற்குப் போதுமானது. பின்னர் புதிய பனிக்கட்டிகள் இட்ட குவளையில் இதனை வடிகட்டி ஊற்றுவர்.

இறுதியாக, ஒரு தேக்கரண்டியைக் கவிழ்த்துக் கலவையின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, அதன் முதுகுப்புறத்தின் மீது 15 மி.லீ. வைனை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். விழும் வேகம் தணிந்து வைன் பக்கவாட்டில் பரவுவதற்கே கரண்டி பயன்படுகிறது. மேலே நிற்கும் பனிக்கட்டியின் மீது ஊற்றினாலும் ஏறத்தாழ இதே பயன் கிடைக்கும். அடுக்குகள் நிலையானவை அல்ல. அருந்தும்போதும் குவளையை அசைக்கும்போதும் அவை கலந்துவிடும் என்பதால் பரிமாறுவதற்குச் சற்று முன்னரே வைனைச் சேர்ப்பது நன்று.

சிலர் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துக் குலுக்குவர். அப்போது மேலே நுரை படிந்து, நுரைக்கும் கலவைக்கும் இடையில் வைன் தங்குவதால் மூன்று அடுக்குகள் தோன்றும். சமைக்காத முட்டையில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு.

மதுவின் அளவு

இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடுவதால் இப்பானம் இலேசானது போலத் தோன்றும். ஆயினும் மேற்கண்ட அளவில் செய்யப்பட்ட ஒரு குவளையில் ஏறத்தாழ 20 கிராம் எத்தனால் உள்ளது. அமெரிக்காவில் ஒரு நிலையான மது அளவு 14 கிராம் எத்தனாலைக் குறிக்கும். எனவே இது ஏறத்தாழ ஒன்றரை அளவுக்குச் சமம். பாகையும் சாறையும் கூட்டினால் குவளையில் உள்ள எத்தனால் குறைந்துவிடாது. உடல்நலத்திற்குத் தீங்கற்றது எனக் கூறத்தக்க மது அளவு எதுவுமில்லை என உலக சுகாதார அமைப்பு 2023 இல் அறிவித்துள்ளது.

வேறு வடிவங்கள்

விஸ்கியைத் தவிர்த்து, பழச்சாறு, வைன் ஆகிய இரண்டை மட்டும் கொண்டும் அடுக்குப் பானம் செய்யலாம். ஆரஞ்சுச் சாற்றின் அடர்த்தி அதிலுள்ள இயற்கைச் சர்க்கரையால் ஏறத்தாழ 1.04 ஆக இருப்பதால், பாகு சேர்க்காமலேயே வைன் அதன்மீது மிதக்கும். 120 மி.லீ. குளிர்ந்த சாற்றின் மீது 60 மி.லீ. வைன் என்பது பொருத்தமான அளவு. சாற்றிலுள்ள சக்கையை முன்னரே வடிகட்டிவிட்டால் இரு நிறங்களுக்கு இடையிலான எல்லை தெளிவாகத் தெரியும்.

மதுவே இல்லாமலும் இதனைச் செய்து பார்க்க முடியும். சர்க்கரை சேர்க்காத, ஆறிய கடும் தேநீரின் அடர்த்தி நீருடையதை ஒட்டியே இருக்கும். அதை ஆரஞ்சுச் சாற்றின் மீது கரண்டி வழியாக ஊற்றினால் பழுப்பு அடுக்காக மேலே நிற்கும். அதே தேநீரில் போதிய அளவு சர்க்கரையைக் கரைத்துவிட்டு ஊற்றினால் அது சாற்றுக்கு அடியில் சென்றுவிடும்.