பொதுக் கணினியும் மறைவான கணக்கும்

கணக்கு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. வரவு செலவும் கணக்கு. கிராமத்தில் வரிக்குறிப்பு எழுதியவருக்கும் கணக்குப்பிள்ளை என்றே பெயர். இன்று கணினிக்குள் ஒருவருக்கென ஒதுக்கப்பெறும் இடத்தையும் கணக்கு என்றே வழங்குகிறோம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இரண்டறை வீடுகளில் வாழும் நம்மவர் பலரது இல்லத்தில் கணினி ஒன்றே. தந்தையின் வருமான வரிக் குறிப்புகள், தாயாரின் கடிதங்கள், பிள்ளைகளின் பாடங்கள் யாவும் அவ்வொன்றிலேயே அடங்கும். அத்தகைய கணினியில், தொடக்கத் திரையில் பெயர் தோன்றாத கணக்கொன்றைச் சிலர் அமைத்துக் கொள்வதுண்டு. அம்மறைவு எத்துணைக் காப்புத் தரும் என்பதற்கு வரலாறே விடை கூறும்.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை வறுமையால் அன்று, இயந்திரத்தின் அருமையால் பிறந்தது. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1961ஆம் ஆண்டு நவம்பரில் காலப்பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர். பல முனையங்களில் அமர்ந்தோர் ஒரே இயந்திரத்தை ஒரே வேளையில் பயன்படுத்த இயன்றது. ஒருவர் கோப்பை மற்றொருவர் திறவாதிருக்கும் பொருட்டு ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் வகுக்கப்பட்டன.

பூட்டு வந்ததும் அதனைத் திறக்கும் வழியும் வந்தது. 1962ஆம் ஆண்டில் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்களித்த நேரம் போதாமையால், அனைவரின் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வாயிலாக ஆணையிட்டார். இயந்திரமும் அவ்வாறே அச்சிட்டுக் கொடுத்தது. பல்லாண்டுகள் கழித்தே அவர் இதனை வெளியிட்டார். கடவுச்சொல் கோப்பு மறைவிடத்தில் இருந்தது, ஆனால் பூட்டப்பட்டிருக்கவில்லை.

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். அதில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. சுழி எண் பெற்ற கணக்கே தலைமைக் கணக்கு. அதற்குத் திறவாத கதவு இல்லை. அவ்வழி வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 2001இல் வெளிவந்தது. 500க்குக் குறைந்த எண்ணுடைய கணக்குகளை அதன் நுழைவுத் திரை பொதுவாகக் காட்டுவதில்லை. அவை முறைமையின் உள்வேலைகளுக்கு உரியவை.

இல்லங்களில் மிகுதியாகப் பரவியது விண்டோஸ். 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றும். எஸ்கேப் விசையை அழுத்தினால் அது விலகி வழிவிடும்! 2001இல் வந்த எக்ஸ்பி பதிப்பு, வீட்டார் பெயர்களைப் படங்களுடன் திரையில் வரிசைப்படுத்திற்று. அவ்வரிசையில் தோன்றாத நிர்வாகிக் கணக்கு ஒன்றும் உள்ளே இருந்தது. இல்லப் பயனுக்கான பதிப்பில் அதற்குப் பெரும்பாலும் கடவுச்சொல்லே இராது. சேஃப் மோட் என்னும் முறையில் இயந்திரத்தைத் தொடங்குவோர்க்கு அக்கணக்கு எளிதில் வசப்பட்டது. வீட்டார் அறியாத திறவுகோல் வீட்டிலேயே கிடந்தது எனலாம். பின்வந்த விஸ்டா பதிப்பில்தான் அக்கணக்கு இயல்பாகவே முடக்கி வைக்கப்பட்டது.

ரெஜிஸ்ட்ரி என்னும் உட்பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே சுழி இட்டால் அப்பெயர் நுழைவுத் திரையினின்று மறையும். ஆயினும் நெட் யூசர் என்னும் ஆணையைத் தட்டச்சு செய்தால், மறைத்த பெயரும் பட்டியலில் வந்து நிற்கும். அன்றியும், நிர்வாகி உரிமையுடையவர் பிறர் கோப்புகளைத் திறக்கும் வழியுண்டு. குறியாக்கம் செய்த கோப்புகளே அவருக்கு எளிதில் வசப்படா. ஆதலின் மறைத்தல் வேறு, காத்தல் வேறு.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட ஆயம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அரசினிடம் நாம் கோரும் அவ்வுரிமையை வீட்டினுள் மனைவிக்கும் வளர்ந்த மகளுக்கும் மறுப்பது முறையாகாது. ஒருவர் அறியாமல் அவரைக் கண்காணிக்க மறைவுக் கணக்கு வைப்பின், அது வெளிப்படும் நாளில் குடும்பத்தின் நம்பிக்கையே குலையும். சிறுவர்க்குக் கட்டுப்பாடு வேண்டுமெனில் அதனை அவர்களுக்குச் சொல்லியே செய்யலாம்.

செய்யத்தக்கவை சிலவே. ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் கூடிய சாதாரணக் கணக்கு. மென்பொருள் நிறுவுவதற்கு மட்டும் தனியே ஒரு நிர்வாகிக் கணக்கு. அதன் கடவுச்சொல்லைப் பெரியவர் இருவரேனும் அறிந்திருத்தல். பழுது பார்க்க வந்தவரோ, முன்னர் உடனுறைந்தவரோ விட்டுச்சென்ற கணக்கு உளதா என்று முழுப்பட்டியலையும் ஆண்டுக்கிருமுறை பார்த்து, வேண்டாதவற்றை அவற்றின் கோப்புகளைச் சரிபார்த்தபின் நீக்குக. எவரெவர்க்குக் கணக்குண்டு என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். அக்கணக்கினுள் இருப்பது அவரவர்க்கே உரியதாகட்டும்.