வடமதுரையில் ஓர் இரவு: ஔரங்கஜீப் அரியணை ஏறிய வரலாறு

ஆழ்வார்கள் வடமதுரை என்று போற்றிய திவ்யதேசத்தின் அருகில், 1658ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு, இரண்டு படைகள் பாளயமிறங்கியிருந்தன. ஒன்று மொகலாயப் பேரரசர் ஷாஜஹானின் மூன்றாம் குமாரர் ஔரங்கஜீபினுடையது; மற்றது கடைக்குட்டியான முராத் பக்ஷினுடையது. வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தம்பியைத் தமையன் விருந்துக்கு அழைத்தான். போக வேண்டாமென்று தடுத்தவர்கள் இருந்தார்கள். முராத் கேட்கவில்லை. உணவுக்குப் பின் மது வந்தது. தான் மதுவைத் தீண்டாதவனாயினும், தம்பி தன் முன்னிலையில் பருகுவதற்கு ஔரங்கஜீப் அன்று தடை சொல்லவில்லை. முராத் உறங்கியதும் அவனுடைய வாளும் கத்தியும் அகற்றப்பட்டன. கண்விழித்தபோது சுற்றி நின்றவர்கள் தமையனின் வீரர்கள். மூடிய அம்பாரிகளோடு நான்கு யானைகள் நான்கு திசைகளில் புறப்பட்டன. எதில் முராத் இருக்கிறான் என்று அவனுடைய படையினர் அறியாமலிருப்பதற்காக. தலைவனை இழந்த அந்தப் படை மறுநாளே ஔரங்கஜீபின் சம்பளப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தந்தை உக்ரசேனனைச் சிறையிலிட்டுக் கம்ஸன் ஆண்ட நகரம் இது. அதே ஜூன் மாதத்தில், முப்பது மைல் தொலைவிலுள்ள ஆக்ரா கோட்டையில் ஷாஜஹானும் தன் மகனால் சிறைவைக்கப்பட்டிருந்தான் என்பதை எண்ணும்போது, பாகவதம் கற்றவர் எவருக்கும் இந்த ஒப்புமை தோன்றாமல் இராது. ஆயினும் ஒப்புமை கண்ணைக் கட்டிவிடலாகாது. ஷாஜஹான் உக்ரசேனன் அல்லன். அவனும் தன் தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகப் படை திரட்டியவன்தான். அந்தக் கலகம் தோற்றபோது, நன்னடத்தைக்குப் பிணையாக 1626இல் பாட்டனின் அரண்மனைக்கு அனுப்பப்பட்ட இரு சிறுவர்கள் தாராவும் ஔரங்கஜீபும். 1628இல் ஷாஜஹான் முடிசூடியது, போட்டிக்கு நிற்கக்கூடிய உறவினர் அனைவரும் அவன் ஆணையால் கொல்லப்பட்ட பின்னரே. மூத்தவனுக்கே முடி என்ற நியதி தைமூர் வம்சத்தில் இல்லை. வென்றவனுக்கு அரியணை, தோற்றவனுக்குப் புதைகுழி என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டார்கள்.

ஷாஜஹானுக்கும் மும்தாஜ் மஹலுக்கும் பிறந்து வளர்ந்த புதல்வர் நால்வர்: தாரா ஷிகோஹ் (1615), ஷூஜா (1616), ஔரங்கஜீப் (1618), முராத் (1624). தந்தையின் அன்பு முழுவதும் தாராவின் பக்கம். அவனுக்குச் சபையில் அரியணையின் அருகே பொன்னாசனம் இடப்பட்டது. மற்ற மூவருக்கும் தொலைவிலுள்ள மாகாணங்கள் தரப்பட்டன. ஷூஜாவுக்கு வங்காளம், முராதுக்குக் குஜராத், ஔரங்கஜீபுக்குத் தக்காணம். 1656இல் கோல்கொண்டாவையும் 1657இல் பீஜாப்பூரையும் ஔரங்கஜீப் நெருக்கினான். இரண்டு முறையும் வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் போரை நிறுத்துமாறு தலைநகரிலிருந்து ஆணை வந்தது. அந்த ஆணைகளின் பின்னே தாராவின் கை இருந்ததென்று ஔரங்கஜீப் நம்பினான். நம்பியது பிழையுமன்று.

1657 செப்டம்பரில் ஷாஜஹான் நோயுற்றான். (இங்குத் தரப்படும் தேதிகள் பழைய ஜூலியன் கணக்கின்படி அமைந்தவை, இன்றைய கணக்குக்குப் பத்து நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.) தாரா படகுத்துறைகளை அடைத்தான், தம்பிமாரின் முகவர்களைக் காவலில் வைத்தான், கடிதப் போக்குவரத்தைத் தடுத்தான். வதந்தியைத் தடுக்கச் செய்த இந்தக் காரியமே வதந்திக்கு வித்தாயிற்று. பேரரசர் இறந்துவிட்டார், தாரா அதை மறைக்கிறான் என்ற பேச்சு பரவியது. உண்மையில் ஷாஜஹான் இரண்டே மாதங்களில் தேறிவிட்டான். ஆனால் அதற்குள் ஷூஜா ராஜமஹாலில் முடிசூடிக்கொண்டான். முராத், தன் திவான் அலி நகீயைத் தன் கையாலேயே கொன்று, ஸூரத் துறைமுகத்தைக் கொள்ளையிட்டு, டிசம்பரில் அஹமதாபாத்தில் முடிசூடினான்.

ஔரங்கஜீப் முடிசூடவில்லை. அவனுடைய ராஜதந்திரம் வெளிப்படும் இடம் இதுதான். மற்ற இருவரும் அரசர் என்று தம்மைப் பறைசாற்றியதால் ராஜத்ரோகிகளாயினர். இவனோ நோயுற்ற தந்தையைக் காணச் செல்லும் மகன் என்ற வேடத்தைக் கலைக்காமலே படை திரட்டினான். ஔரங்காபாத்துக்கும் அஹமதாபாத்துக்கும் இடையே அஞ்சலோட்டக்காரர்கள் நிறுத்தப்பட்டனர். முராதோடு சங்கேத எழுத்தில் கடிதங்கள் பரிமாறப்பட்டன. கொள்ளையில் மூன்றில் ஒரு பங்கு முராதுக்கு; வெற்றிக்குப் பின் பஞ்சாப், ஆப்கன், காஷ்மீர், ஸிந்து ஆகிய பகுதிகளில் தனியரசும் அவனுக்கே. இது எழுத்தில் தரப்பட்ட உறுதி. தனக்கு அரசில் ஆசையில்லை, தாராவின் சமயக்கேட்டை ஒழித்துவிட்டுத் துறவு பூணப்போவதாக அவன் தம்பியிடம் சொல்லிவந்தான் என்று பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதுகிறார். ஆனால் கிடைத்துள்ள ஒப்பந்தம் பங்கீட்டைப் பேசுகிறது, துறவைப் பேசவில்லை.

மீர் ஜும்லாவின் கைது இன்னும் நுட்பமானது. கோல்கொண்டாவின் முன்னாள் அமைச்சரான இந்தப் பெருஞ்செல்வர், தம் அரிய பீரங்கிப் படையோடு தில்லிக்குத் திரும்புமாறு ஆணை பெற்றிருந்தார். ஔரங்கஜீபுக்கோ அந்தப் பீரங்கிகள் வேண்டும். மீர் ஜும்லாவும் மனத்தளவில் இவன் பக்கமே. ஆனால் அவர் குடும்பம் தலைநகரில் இருந்தது. ஆகவே 1658 ஜனவரியில் ஔரங்கஜீப் அவரைச் சிறைப்பிடித்துத் தௌலதாபாத் கோட்டையில் அடைத்தான். பீரங்கிகள் ‘பறிமுதல்’ ஆயின. சிறைவைத்தவனும் சிறைப்பட்டவனும் பேசிவைத்து ஆடிய கூத்து அது. குடும்பத்துக்கும் தீங்கில்லை, பீரங்கிகளும் உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தன.

பிறகு நிகழ்ந்தவை விரைவானவை. ஏப்ரலில் உஜ்ஜயினிக்கு அருகிலுள்ள தர்மத் என்ற இடத்தில் மார்வாட் அரசர் ஜஸ்வந்த் ஸிங்கின் படை முறிந்தது. சம்பல் ஆற்றின் துறைகளையெல்லாம் தாரா காவல் காக்க, காவலில்லாத ஒரு துறையைப் புந்தேலர் தலைவர் சம்பத் ராய் ஔரங்கஜீபுக்குக் காட்டிக்கொடுத்தார். மே 29ஆம் நாள் ஆக்ராவுக்கு அருகே ஸாமூகட் களத்தில், தாரா யானையை விட்டிறங்கிக் குதிரை ஏறினான். வெறுமையான அம்பாரியைக் கண்ட அவன் படை, தலைவன் மாண்டான் என்று கருதிச் சிதறியது. பூந்தி அரசர் சத்ரஸால் ஹாடா அன்று தாராவுக்காகப் போரிட்டு மடிந்தார். ஆக்ரா கோட்டையை மோதித் தகர்ப்பது எளிதன்று என்று கண்ட ஔரங்கஜீப், யமுனையிலிருந்து நீர் எடுக்கும் வாயிலை அடைத்தான். கோட்டைக் கிணறுகளின் நீர் உவர்ப்பு. கோடை வெயிலில் மூன்றே நாளில், ஜூன் 8இல், தாஜ்மஹாலைக் கட்டியவன் தாகத்துக்குப் பணிந்து கதவைத் திறந்தான். 1666 ஜனவரியில் இறக்கும் வரை அவன் வெளியே வரவில்லை. மகன் ஒருமுறையும் சென்று பார்க்கவுமில்லை.

அதன் பிறகே வடமதுரை இரவு. ஜூலை 21இல் தில்லிப் புறநகரின் ஷாலிமார் தோட்டத்தில் அவசர முடிசூட்டு. தாராவையும் ஷூஜாவையும் முறியடித்த பின், 1659 ஜூனில் முறையான மகுடாபிஷேகம். தந்தை உயிரோடிருக்க மகன் பெயரால் குத்பா ஓதுவது முறையன்று என்று தலைமைக் காஜி மறுத்தார்; அப்துல் வஹாப் என்பவர் இசைவு தந்து அந்தப் பதவியையும் பெற்றார். மதவிதியை முன்னிட்டு வந்ததாகச் சொன்னவனுக்கு மதவிதியே குறுக்கே நின்ற இடம் இது. விதி விலகியது, அவன் விலகவில்லை.

முராதின் முடிவிலும் இதே போக்கைக் காணலாம். குவாலியர் கோட்டையிலிருந்த அவனைக் கொல்ல நேரடியான ஆணை பிறக்கவில்லை. முன்பு அவன் கொன்ற அலி நகீயின் மகன்களில் ஒருவன் பழிக்குப் பழி கோரி வழக்குத் தொடுத்தான்; நீதிபதி தீர்ப்பளித்தார்; 1661 டிசம்பரில் தண்டனை நிறைவேறியது. பழி கோர மறுத்த மூத்த மகனுக்கு ஔரங்கஜீப் பின்னர் வெகுமதி தந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் உள்ளத்தைப் படிப்பது எளிதன்று.

தாராவின் வரலாறு இந்த மரபினர்க்கு வேறொரு வகையில் நெருங்கியது. 1657ஆம் ஆண்டில், தந்தை நோயில் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், காசிப் பண்டிதர்களையும் ஸந்யாஸிகளையும் துணைகொண்டு, ஏறத்தாழ ஐம்பது உபநிஷத்துக்களைப் பாரஸீகத்தில் அவன் பெயர்த்து முடித்தான். ‘ஸிர்ரே அக்பர்’, அதாவது பெரும் இரகசியம், என்பது அந்நூலின் பெயர். மூலத்தோடு சங்கர பாஷ்யத்தின் பொருளும் அதில் பல இடங்களில் கலந்துள்ளது. 1801-02இல் ஆங்கெதில் துபெரோன் அதை லத்தீனில் ஆக்கினார். ஷோபன்ஹவர் படித்து வியந்தது அந்த லத்தீன் நூலையே. ஆக, ஐரோப்பா உபநிஷத்தை முதலில் அறிந்தது அத்வைதப் பொருளிலேதான். ரங்கராமாநுஜ முனிகளின் பாஷ்யத்தைத் தெரிந்தவர் எவரும் அந்தப் பண்டித கோஷ்டியில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

உபநிஷத்தைப் போற்றியதற்காகவே தாரா தோற்றான் என்றும், அந்தப் போர் ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிகழ்ந்தது என்றும் ஒரு கருத்து பக்தர்களிடையே உண்டு. ப்ரமாணங்கள் அதற்கு இசையவில்லை. ஸாமூகட் வரை இருபுறமும் நின்ற, ஆயிரத்துக்கு மேற்பட்ட பதவியுடைய பிரபுக்களை வரலாற்றாசிரியர் அதர் அலி கணக்கிட்டார். தாராவின் பக்கம் ஹிந்துக்கள் 24 பேர். ஔரங்கஜீபின் பக்கம் 21 பேர். மேவாட் ராணா ராஜ் ஸிங்குக்கு ஔரங்கஜீப் அந்நாளில் அனுப்பிய ஓலை, மதவேற்றுமை பாராட்டுவது அரசர்க்குத் தகாது என்றே பேசியது. 1659 பிப்ரவரியில், ஷூஜாவைத் துரத்திச் சென்ற தன் மகன் வேண்டியபடி, காசியில் பழைய கோயில்களின் அந்தணரைத் துன்புறுத்தலாகாதென்று ஆணையிட்டான். புதிய கோயில் எழுப்பவும் அதே ஆணையில் இடமில்லை. துணை தேவைப்பட்ட காலத்துச் சொற்கள் இவை. தாரா தோற்றதற்குக் காரணம் வேறு. அவன் பிரபுக்களை ஏளனம் செய்து பழகியவன். போர்க்களத்தில் அனுபவம் குறைந்தவன். 1653இல் காந்தஹாரில் பெரும்படையோடு தோற்றுத் திரும்பியவன். மதத் துரோகி என்ற குற்றச்சாட்டு, அவன் பிடிபட்ட பின் மரண தண்டனைக்குக் காரணம் தேடியபோது முழு உருப்பெற்றது. தேவநாகரியில் ‘ப்ரபு’ என்று பொறித்த மோதிரம் அணிந்ததும் குற்றப் பட்டியலில் ஏறியது. 1659 ஆகஸ்ட் இறுதியில் தில்லித் தெருக்களில் அழுக்காடையோடு யானைமேல் ஊர்வலம். மக்கள் அழுதனர் என்று கண்ணால் கண்ட பெர்னியர் எழுதுகிறார். மறுநாள் இரவு தலை வீழ்ந்தது. தாராவின் பீரங்கிப் படையில் பணியாற்றி, முதுமையில் சென்னையில் குடியிருந்து நூலெழுதிய வெனிஸ் நகரத்து மனூச்சி, இன்னும் பல கதைகளைச் சேர்த்திருக்கிறார். அவற்றில் பாதி கடைத்தெருப் பேச்சு.

அப்படியானால் அரியணைக்காக மட்டும் நடந்த போரால் மரபினர்க்கு வந்த இழப்பு என்ன என்று கேட்கலாம். இழப்பு பின்னர் வந்தது. ஜஹாங்கீர் காலத்தில் வீர் ஸிங் புந்தேலா எழுப்பிய மதுரை ஸ்ரீகேசவதேவர் ஆலயத்துக்குத் தாரா கல்லாலான ஒரு கிராதி வேலியை ஸமர்ப்பித்திருந்தான். அண்ணன் மாண்டு ஏழாண்டுகள் ஆனபின், 1666இல், அந்த வேலியைப் பெயர்த்தெறிய ஆணை வந்தது. 1670 தொடக்கத்தில் ஆலயமே தகர்க்கப்பட்டது. கோவர்த்தனத்திலிருந்த ஸ்ரீநாத்ஜியை அதற்கு முன்பே, 1669இல், வல்லப ஸம்ப்ரதாயத்தார் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்டனர். மேவாட் நாட்டில் ராணா ராஜ் ஸிங்கின் காப்பில் ஸீஹாட் என்ற சிற்றூரில் மூர்த்தி நிலைபெற்றது. அதுவே நாத்துவாரா. மதவேற்றுமை தகாது என்ற ஓலையைப் பெற்ற அதே ராணாதான் அடைக்கலம் தந்தவர்.

ஷூஜா 1660இல் அரக்கானுக்கு ஓடி அழிந்தான். தாராவின் மகன் ஸுலைமான், கார்வால் மலையரசரிடம் சரணடைந்தும் காட்டிக்கொடுக்கப்பட்டு, குவாலியரில் கசகசா நீர் புகட்டப்பட்டு மெல்ல மாண்டான். ஔரங்கஜீபின் மூத்த மகன் முஹம்மத் ஸுல்தான், போரின் நடுவே ஷூஜாவிடம் சேர்ந்த குற்றத்துக்காகச் சாகும்வரை சிறையிலிருந்தான். 1681இல் நான்காம் மகன் அக்பர் ராஜபுத்திரர்களோடு சேர்ந்து தந்தைக்கு எதிராகவே முடிசூடிக்கொண்டான். அவனை முறியடிக்க ஔரங்கஜீபுக்குப் பெரும்படை தேவைப்படவில்லை; ராஜபுத்திரர்களை ஏமாற்றி அழைத்துவந்ததற்காக மகனைப் பாராட்டுவதுபோல் ஒரு பொய்க் கடிதம் எழுதி, அது அவர்கள் கையில் விழும்படி செய்தான். விடிவதற்குள் அக்பரின் பாளயம் கலைந்தது. 1707இல் ஔரங்கஜீப் இறந்ததும் எஞ்சிய மூன்று மகன்கள் அரியணைக்காக மோதினர். மூத்தவன் முஅஜ்ஜமும் தம்பி ஆஜமும் போரிட்டதும், ஆஜம் மடிந்ததும் ஜாஜூ என்ற இடத்தில். அதுவும் ஸாமூகட்டைப்போல் ஆக்ராவுக்கு அருகிலுள்ள களந்தான்.